கடலோர வீடும் ஈரம் நீக்கும் யந்திரமும்

மேற்குக் கடற்கரையில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு ஈரம் என்பது புத்தகத்தில் படித்து அறியவேண்டிய பொருளன்று. ஜூன் மாதம் பிறந்ததும் உப்பு ஜாடியில் உப்பு கசிகிறது. தோற் செருப்பின்மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்கிறது. தீப்பெட்டி பற்ற மறுக்கிறது. பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியின் கண்ணாடி மங்குகிறது. விதைக் கிடங்கில் மூட்டைகளின் அடிப்புறம் சூடேறுகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் முதல் நாளிலும், மும்பையில் ஜூன் 11ஆம் நாளிலும் தொடங்குவது வழக்கம். 2020இல் திருத்தியமைக்கப்பட்ட கால அட்டவணையின்படி அது மும்பையை விட்டு நீங்குவது அக்டோபர் 8. ஆகவே, ஆண்டில் நான்கு மாதங்கள் கொங்கணக் கரையில் வாழ்பவர் ஈரக் காற்றினுள்ளேயே வாழ்கின்றனர்.

இந்த இடரைத் தீர்க்க, வீடு முழுவதிலுமுள்ள காற்றை ஒரே யந்திரத்தால் உலர்த்தும் ஏற்பாடு இப்பொழுது விற்பனைக்கு வந்துள்ளது. வசதியுள்ள இல்லங்களிலும், அரசாங்கக் கிடங்குகளிலும், ஆய்வுக்கூடங்களிலும் இதனை அமைக்கலாமா என்னும் கேள்வி எழுந்துள்ளது. யந்திரத்தை அறவே வெறுப்பதும் அறிவுடைமையாகாது. விளம்பரத்தை நம்பி அதனை வாங்கி மாட்டிவிடுவதும் அறிவுடைமையாகாது. வீட்டை முதலில் மூடி, பிறகு அளந்து, அதன்பின் ஓர் அறையை மட்டும் உலர்த்துவதே நம் கடலோரத்திற்குப் பெரும்பாலும் பொருத்தமானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வீடு முழுவதையும் உலர்த்துவது விதிவிலக்காகவே இருத்தல் வேண்டும்.

யந்திரம் செய்வது யாது?

ஈரம் நீக்கும் யந்திரத்தின் தத்துவம் எளியது. குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லோரும் கண்டிருப்பர். யந்திரத்தினுள் குளிர்ந்த குழாய்ச் சுருள் ஒன்று உள்ளது. விசிறி அறைக் காற்றை இழுத்து அச்சுருளின்மேல் செலுத்துகிறது. காற்றிலுள்ள நீராவி சுருளின்மேல் துளிகளாகப் படிந்து வடிகிறது. பின்னர் அக்காற்று சூடான இரண்டாவது சுருளின் வழியே சென்று அறைக்குத் திரும்புகிறது. காற்றைப் பதப்படுத்தும் கலையே ஈரத்தை அடக்கும் முயற்சியிலிருந்து பிறந்ததாகும். 1902இல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் ஓர் அச்சுக்கூடத்துக் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு பிசகிற்று. அதனைத் தடுக்கவே வில்லிஸ் காரியர் என்னும் பொறியாளர் தம் புகழ்பெற்ற அமைப்பை வகுத்தார். மனிதர் உடலுக்கு இதமளிப்பது அன்று முதல் நோக்கமன்று.

இங்கு ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நீராவி நீராக மாறும்பொழுது தன் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் நீருக்கு அது ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்தின் வெப்பத்திற்குச் சமம். யந்திரம் உட்கொள்ளும் மின்சாரமும் முடிவில் வெப்பமாகவே அறையில் தங்குகிறது. எனவே இது அறையைக் குளிர்விப்பதில்லை, சூடேற்றுகிறது. குளிர்பதனப் பெட்டி தன் வெப்பத்தை வீட்டிற்கு வெளியே தள்ளுகிறது. ஈரம் நீக்கும் யந்திரமோ அதனை வீட்டினுள்ளேயே விடுகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்கியவர்கள், புழுக்கம் குறையவில்லையே என்று பின்னர் வருந்துவதில் வியப்பில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

எண்களே இவ்வழக்கைத் தீர்க்கவல்லவை. மும்பைக் கரையில் ஜூலை மாதக் காற்று 28 டிகிரி சென்டிகிரேடும் 85 சதவீத ஒப்பு ஈரப்பதமும் உடையதெனக் கொள்வோம். அக்காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 23 கிராம் நீராவி உள்ளது. வீட்டினுள் அதே வெப்பநிலையில் 55 சதவீதம் வேண்டுமாயின் 15 கிராம் மட்டுமே இருத்தல் வேண்டும். உட்புகும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலிருந்தும் 8 கிராம் நீரை யந்திரம் பிரித்தாக வேண்டும்.

80 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் கொண்ட வீட்டின் கொள்ளளவு 240 கன மீட்டர். கதவு சன்னல்கள் நன்கு பொருந்தி, இரண்டு மணிக்கு ஒருமுறை மட்டும் உட்காற்று மாறுமாயின், வெளிக்காற்றால் மட்டும் நாளொன்றுக்கு 23 லிட்டர் நீர் உட்புகும். நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் மூச்சு, வியர்வை, சமையல், குளியல், துணி உலர்த்தல் ஆகியவற்றால் மேலும் சுமார் 10 லிட்டர் சேரும். ஆக 33 லிட்டர். ஒரு யூனிட் மின்சாரத்தில் 2 லிட்டர் நீரைப் பிரிக்கும் நல்ல யந்திரத்திற்கு இதனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 யூனிட் செலவாகும்.

அதே வீட்டில் சன்னல்களுக்கு இடைவெளி இருந்து, காற்று மணிக்கு மூன்று முறை மாறுமாயின், புகும் நீர் 138 லிட்டராக உயரும். உட்புறத்து ஈரத்தையும் சேர்த்தால் 148 லிட்டர்; செலவு 74 யூனிட். 75 வாட் மின்விசிறி ஒன்று இரவும் பகலும் சுழல 1.8 யூனிட்டே ஆகும். நாற்பது விசிறிகள் இடைவிடாது சுழல்வதற்கு வேண்டிய மின்சாரத்தை, சன்னல் இடுக்குகளின் பொருட்டு ஒரு குடும்பம் செலவிட வேண்டியதாகிறது. அரபிக் கடலையே உலர்த்த முயல்வதற்கு ஒப்பானது இது.

நன்கு மூடப்பெற்ற வீட்டிலுங்கூட 33 லிட்டர் நீர் பிரிவதால் எழும் வெப்பமும் யந்திரத்தின் மின்சாரமும் சேர்ந்து, ஒன்றரைக் கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட மின் அடுப்பு ஒன்று நாள் முழுவதும் எரிவதற்குச் சமமாகின்றன. பொருள்களுக்கு இச்சூடு பெருங்கேடு செய்வதில்லை; மனிதர்க்கோ உடன் குளிர்பதனமும் வேண்டியதாகிறது.

நம் வீடுகளின் இயல்பு

வீடு முழுவதற்குமான யந்திரம் அமெரிக்க நாட்டு இல்லத்தை மனத்திற்கொண்டு உருவானது. அங்குக் காற்றுக் குழாய்கள் சுவர்களுக்குள்ளும் கூரைக்கடியிலும் முன்னரே ஓடுகின்றன. யந்திரத்தை அவற்றோடு இணைத்தால் போதும். நம் வீடுகளில் அத்தகைய குழாய்கள் இல்லை. மின்னோட்டமும் வேறு: அங்கு 60 சுழற்சி, இங்கு 50.

கொங்கணத்தின் பழைய வீடுகள் செம்பூரான் கல்லாலும் மங்களூர் ஓட்டாலும் ஆனவை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று வீடு முழுவதும் உலவும். செம்பூரான் கல் நுண்துளைகள் நிறைந்தது. மழையை உறிஞ்சும், வெயிலில் உமிழும். அவ்வீட்டை அமைத்தவர்கள் காற்றை அடைத்து வைக்க எண்ணவில்லை, ஓடவிட எண்ணினர். அத்தகைய வீட்டில் இந்த யந்திரத்தை மாட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாம்.

அவ்வாறாயின், முன்னோர் யந்திரமின்றி வாழவில்லையா என்று சிலர் வினவக்கூடும். வாழ்ந்தனர், ஆனால் அவர்களது வாழ்வு திண்ணையிலும் முற்றத்திலும் நடந்தது. விதையையும் வற்றலையும் அவர்கள் அடுப்புக்கு மேலே, புகையும் சூடும் படுமிடத்தில் தொங்கவிட்டனர். இன்று கான்கிரீட் கூரையும் கண்ணாடிச் சன்னலும் வந்துவிட்டன. மருந்து, மின்னணுக் கருவி, ஒளிப்படக் கருவி, ஆவணம் ஆகியன ஒவ்வோர் இல்லத்திலும் உள்ளன. விறகடுப்பு போயிற்று, எரிவாயு வந்தது. ஒரு கிலோகிராம் சமையல் வாயு எரியும்பொழுது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 14.2 கிலோ கொண்ட உருளை ஒன்று தீர்வதற்குள் ஏறக்குறைய 22 லிட்டர் நீர் சமையலறைக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே தேவை உண்மையானது; அதனை மறுப்பதற்கில்லை. அதனைத் தீர்க்கும் வழி எது என்பதிலேயே கருத்து வேற்றுமை.

முதலில் செய்யவேண்டுவன

காற்றின் ஈரம் வேறு. சுவரின் ஈரம் வேறு. கூரை ஒழுகுவதாலும், கைப்பிடிச் சுவர் வெடித்திருப்பதாலும், அடித்தளத்திலிருந்து நீர் ஏறுவதாலும் உண்டாகும் ஈரத்தை எந்த யந்திரத்தாலும் வெல்ல இயலாது. இதனைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுரமான பாலிதீன் தாளைச் சுவரின்மீதோ தரையின்மீதோ நான்கு ஓரங்களையும் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் உட்புறம் நீர் படிந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அங்குக் கொத்தனாரே தேவை. வெளிப்புறம் படிந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. அப்பொழுதே யந்திரத்தைப் பற்றி எண்ணலாம்.

அடுத்து வேண்டுவது ஈரமானி. அளவின்றி வாங்கும் பொருள் அளவின்றிச் செலவு வைக்கும். மலிவான ஈரமானிகளில் பல பத்து சதவீதம்வரை பிசகக்கூடும் என்பதால் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சிறு மூடியில் உப்பை இட்டு, அது சேறுபோல் ஆகுமளவு மட்டும் நீர் தெளித்து, ஈரமானியோடு இறுக மூடிய டப்பாவில் ஓரிரவு வைத்தால், கருவி 75 சதவீதம் காட்டவேண்டும். காட்டாவிடில் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, அதனைப் பின்னர் கழித்தோ கூட்டியோ கொள்ளலாம். எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடிய இச்சோதனை, கடலோர வாழ்வின் ஓர் உண்மையையும் விளக்குகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரைகிறது. கடற்காற்று கொணர்ந்து படியவைக்கும் உப்புத் தூசியில் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே நீரை ஈர்க்கும் மக்னீசியம் குளோரைடும் கலந்துள்ளது. உள்நாட்டில் துருப்பிடிக்காத கருவி கடற்கரையில் துருப்பிடிப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவதாக, ஈரம் பிறக்குமிடத்திலேயே அதனை வெளியேற்ற வேண்டும். சமைக்கும்பொழுதும் குளித்த பின்னரும் வெளியேற்று விசிறியைச் சற்று நேரம் இயக்குவது நன்று. நாள் முழுவதும் இயக்கினாலோ, வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக மழைக்காற்றே உட்புகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலக்காற்று உலர்ந்து வீசும் நாள்களில் சன்னல்களைத் திறந்து வைப்பதற்கு நிகரான, செலவற்ற உலர்த்தும் முறை வேறில்லை.

ஓர் அறையே போதும்

இவற்றையெல்லாம் செய்த பின்னரும் காக்கவேண்டிய பொருள்கள் எஞ்சியிருக்கும். அவற்றிற்கு வீடு முழுவதும் வேண்டுவதில்லை. ஓர் அறை போதும். மூன்று மீட்டர் நீள அகல உயரமுள்ள அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். கதவோரங்களில் ரப்பர்ப் பட்டை ஒட்டி, சன்னலை அடைத்துவிட்டால், மேலே கண்ட கணக்கின்படி நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்கும் குறைவான நீரே புகும். கதவைத் திறந்து மூடுவதால் சேர்வதையும் கூட்டினால் நான்கு லிட்டர். செலவு இரண்டு அல்லது மூன்று யூனிட். நாளொன்றுக்கு 17 யூனிட் எங்கே, 3 யூனிட் எங்கே!

விதைக் கிடங்கில் இதன் பயன் மிகப் பெரிது. விதை ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் வகுத்த விதிப்படி, 14 சதவீதத்திற்கும் 5 சதவீதத்திற்கும் இடைப்பட்ட ஈரநிலையில், விதையின் ஈரம் ஒவ்வொரு சதவீதம் குறையும்தோறும் அதன் ஆயுள் இரு மடங்காகிறது. சான்றிதழ் பெறும் நெல் விதைக்கு அனுமதிக்கப்பட்ட ஈரத்தின் உச்ச அளவு 13 சதவீதம். காற்றுப் புகாத கலத்தில் அடைப்பதாயின் 8 சதவீதம். விதை காற்றோடு ஈரத்தைப் பரிமாறிக்கொள்வதால், 85 சதவீத ஈரக் காற்றில் திறந்து வைத்த நெல் அந்த 13 சதவீதத்தில் நிலைத்து நிற்பதில்லை. முளைக்காத விதையால் விவசாயி இழப்பது ஒரு மூட்டை நெல்லையன்று; ஒரு பருவத்தையே. கிடங்கிற்கு யந்திரம் கேட்டு விண்ணப்பிக்கும் கள ஊழியர், முழுக் கட்டிடத்திற்குக் கேட்டு அது கிடைக்காமலிருப்பதைவிட, ஒரு சிற்றறைக்குக் கேட்டுப் பெறுவது மேல்.

பள்ளிக்கூடங்களுக்கு அறையுங்கூட மிகையாகலாம். ரப்பர் விளிம்புடைய மூடி கொண்ட பெட்டியும் சிலிகா ஜெல்லும் ஒரு நுண்ணோக்கியைக் காக்கப் போதுமானவை. நிறம் மாறியதும் சுமார் 120 டிகிரி சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் பழைய வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு இருப்பதால், மாணவர் கைபடும் இடங்களில் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குவது நலம்.

விதிவிலக்கு யாருக்கு?

வீடு முழுவதையும் உலர்த்துவது நியாயமாகும் இடங்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளுக்கும் ஆஸ்துமா முதலிய சுவாச நோய்களுக்கும் தொடர்பு உண்டென எடுத்துரைத்தது. நோயுற்றவர் வாழும் இல்லத்தில் சிக்கனம் ஒன்றையே பார்த்தல் தகாது. எனினும், அங்கும் நோயாளி உறங்கும் அறையிலிருந்து தொடங்குவதே முறை. கதவு சன்னல்கள் காற்றுப் புகாதனவாயும், குளிர்பதனம் முன்னரே உள்ளதாயும், நீர் தானே வடிந்தோட வசதியுள்ளதாயும் இருக்கும் புதிய வீடுகளில் முழு ஏற்பாட்டை மேற்கொள்ளலாம்.

மேற்கொள்வோர் கவனிக்கத்தக்கன சில. யந்திரத்தின் மேல் எழுதியுள்ள லிட்டர் கணக்கைப் பெரும்பாலும் 30 டிகிரியிலும் 80 சதவீத ஈரத்திலும் அளந்திருப்பர். 27 டிகிரியிலும் 60 சதவீதத்திலும் அதே யந்திரம் ஏறக்குறைய பாதியே பிரிக்கும். நாம் அதனை இயக்கப்போவது இரண்டாவது நிலையை ஒட்டியே. ஆதலால் விலைப்பட்டியல் கோரும் அலுவலகங்கள் இரண்டு அளவுகளையும் கேட்டுப் பெறவேண்டும். ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்தினால் போதும். 40க்கு இறக்குவது வீண் செலவு. வடிகுழாய் முழுவதும் சரிவாக இருக்கவேண்டும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும். வடிகட்டியை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கழுவவேண்டும். மின்தடை நீங்கியதும் சில நிமிடங்கள் பொறுத்தே யந்திரம் மீண்டும் இயங்கும்படி அமைத்தல் அதன் ஆயுளைக் காக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. விறகோ, கரியோ, எரிவாயு வெந்நீர்க் கொதிகலமோ வீட்டினுள் எரியுமாயின், அவ்வீட்டின் இடுக்குகளை அடைத்தல் கூடாது. அடைபட்ட அறையில் பெருகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரையே பறிக்கவல்லது. புகை வெளியேற வழி செய்த பின்னரே காற்றை அடைக்க எண்ணவேண்டும்.

ஒரு பொருளின் தேவையை அதன் விலையும் விளம்பரமும் தீர்மானிக்கும் காலம் இது. கடலோரக் கிராமத்தில் ஆசிரியரிடமோ கள ஊழியரிடமோ ஆலோசனை கேட்டு வருபவர் பெரும்பாலும் சேமித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர். அவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எந்த யந்திரம் வாங்கலாம் என்பதன்று. ஈரம் எங்கிருந்து வருகிறது, எதனைக் காக்கவேண்டும் என்பனவே. அவ்விரண்டிற்கும் விடை கிடைத்தபின் கொத்தனாரோ, இறுக மூடிய பெட்டியோ, ஒரு சிற்றறையோ பெரும்பாலோர்க்குப் போதுமானதாக இருக்கும். எஞ்சிய சிலர்க்கு யந்திரம் தேவைப்படும்; அளந்து வாங்கினால் அது அவர்களுக்கு உண்மையாகவே பயன்படும்.